சிலுவை இருந்த உத்திரத்தில் ஒரு கறுப்பு நாய்

பேய்க்கதை, பூதக்கதை என்று பேச்செடுத்தாலே நம் கையில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'எல்லாம் மூடநம்பிக்கை, இடி விழுந்ததைப் பார்த்துப் பேய் என்று பயந்தார்கள், அவ்வளவுதான்' என்கிற பகுத்தறிவுப் பதில் ஒன்று. 'இது அடித்தட்டு மக்களின் வாய்மொழி, அதிகாரத்துக்கு எதிரான அவர்களுடைய நினைவு' என்கிற பதில் இன்னொன்று. முதல் பதில் கதையைக் குப்பையில் போடுகிறது. இரண்டாவது, கதையைக் கும்பிட்டு ஓரமாக வைத்துவிடுகிறது. இரண்டுமே கதையை வாசிப்பதில்லை. கதை எங்கே உற்பத்தியாயிற்று, யார் யார் கை மாறி வந்தது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் எதைப் போட்டு எதை எடுத்தார்கள், யாருடைய பெயர் நின்றது, யாருடைய பெயர் விழுந்தது என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் மாவட்டம். பிளைத் ஆறு கடலை நெருங்குகிற சதுப்பில் பிளைத்பரோ என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் படகுகள் வந்துபோன துறை. ஆறு மேடிட்டது, கப்பல்கள் பெரிசாயின, துறை செத்தது. பதினைந்தாம் நூற்றாண்டுப் பணத்தில் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் மட்டும் ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பிரம்மாண்டத்தில் நிற்கிறது. 'சதுப்பின் கதீட்ரல்' என்று செல்லப் பெயர். சில நூறு பேர் மட்டுமே உள்ள ஊருக்கு இவ்வளவு பெரிய கோயில். போகிறவர்கள் மேலே பார்த்தால் கூரை உத்திரத்தில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள். கீழே பார்த்தால் ஒரு பழைய கதவு. கதவில் கருகிய தடங்கள். 'பிசாசின் விரல் தடம்' என்பார்கள். கறுப்பு ஷக் என்கிற பூதநாய் 1577ல் கோயிலுக்குள் புகுந்து ஆட்களைக் கொன்றுவிட்டு வெளியே பாய்ந்தபோது பதிந்த நகங்கள் என்பது கதை.

1

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். கடும் புயல், இடி, மின்னல். அன்றைக்குச் சஃபோக்கில் இரண்டு கோயில்கள் அடிபட்டன. ஒன்று பங்கே என்கிற சந்தை ஊரின் புனித மரியாள் கோயில். இன்னொன்று பிளைத்பரோ. இதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் நாயைப் பற்றித்தான்.

நாயை எழுத்தில் கொண்டுவந்தவர் ஏப்ரகாம் ஃப்ளெமிங். லண்டன்வாசி. அச்சகங்களை நம்பிப் பிழைத்த மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர், பின்னாளில் பாதிரியார். அதே ஆண்டு அவர் வெளியிட்ட சிறு பிரசுரத்தின் தலைப்பே விசித்திரமும் பயங்கரமுமான ஓர் அதிசயம் என்று கூவியது. நம்மூர்க் குஜிலிப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்: மலிவு விலை, பரபரப்புச் செய்தி, கடைசியில் ஒரு நீதி. அதன்படி, பங்கே கோயிலில் மின்னல் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு நாய், அல்லது நாய் வடிவில் பிசாசு, சனங்களுக்கு நடுவே ஓடியது. மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த இருவருக்கு நடுவே புகுந்து இருவரின் கழுத்தையும் முறித்தது. இன்னொருவன் முதுகைப் பற்றியது. அவன் நெருப்பில் வாட்டிய தோல் மாதிரி, சுருக்குப் பையின் வாய் மாதிரி சுருங்கிப் போனான், ஆனால் சாகவில்லை. மேலே கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்த கோயில்பிள்ளை இடியில் விழுந்தும் தப்பினார். கடிகாரத்தின் கம்பிகளும் சக்கரங்களும் முறுக்கிக்கொண்டன. பிறகு நாய் பிளைத்பரோவுக்குப் போயிற்று. அங்கே இரண்டு ஆண்களையும் ஒரு பையனையும் கொன்றது, இன்னொருவர் கையைச் சுட்டது.

இப்போது இரண்டாவது பிரதி. ஜான் ஸ்டோ என்கிற வரலாற்றாசிரியர் வழியாக ஹாலின்ஷெட் வரலாற்று நூலின் 1587ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த விவரிப்பு. பிளைத்பரோவில் குருவானவர் இரண்டாம் பாடம் வாசித்துக்கொண்டிருக்கிறார். மின்னல் கோயில் சுவரைத் துளைத்துக் கிட்டத்தட்ட ஒரு கெஜ ஆழத்துக்குத் தரையில் இறங்குகிறது. அந்தப் பக்கம் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கீழே விழுகிறார்கள். சுவர் பிளக்கிறது, கதவு பிளக்கிறது, கோபுரத்து மரங்கள் சிதறுகின்றன, மணிகளின் இயந்திரம் உடைகிறது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியும் எழுந்திருக்க முடியாமல் சனங்கள் தரையில் கிடக்கிறார்கள். நாற்பது தாண்டிய ஒரு ஆளும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் பிணமாகக் கிடக்கிறார்கள். பங்கேயில் மணிக்கூண்டில் உட்கார்ந்திருந்த இருவர் சாகிறார்கள். அவ்வளவுதான். நாய் கிடையாது. பயண திசைகூடத் தலைகீழ்: இங்கே இடி பிளைத்பரோவிலிருந்து பங்கே பக்கம் ஓடுகிறது, ஃப்ளெமிங்கின் நாய் பங்கேயிலிருந்து பிளைத்பரோவுக்கு ஓடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1587 பதிப்பைத் தொகுத்துச் செப்பனிட்ட முக்கியமான ஆள் அதே ஏப்ரகாம் ஃப்ளெமிங். சந்தைக்கு விற்ற தாளில் நாய் உண்டு. பெருமக்கள் வாங்கும் கனத்த வரலாற்றுப் புத்தகத்தில் நாய் இல்லை. ஒரே கை. இன்னொரு தகவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கேயஸ் இங்கிலாந்து நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதி 1570ல் வெளியிட்ட புத்தகத்தை 1576ல் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவர்தான். வேட்டை நாய், மடி நாய், காவல் நாய் என்று இனம் பிரித்து எழுதிய புத்தகம் அது. அந்த வகைமைப் பட்டியலில் அடங்காத ஒரு நாய் அடுத்த வருஷமே அவர் பேனாவிலிருந்து வெளியே ஓடுகிறது.

மூன்றாவதாக ஒரு பிரதி உண்டு. அதை யாரும் விற்கவில்லை. பங்கே கோயிலின் பதிவேடு. ஜான் ஃபுல்லர், ஆடம் வாக்கர் என்ற இருவர் கர்த்தருடைய நாளில் ஜெப நேரத்தில் மணிக்கூண்டில் புயலில் மாண்டார்கள் என்று அதில் குறித்திருக்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் கையால் எழுதியது இதுதான். இதிலும் நாய் கிடையாது. பெயர் இருக்கிறது.

2

ஆக, நாய் ஊரில் பிறக்கவில்லை, லண்டன் அச்சகத்தில் பிறந்தது என்று சொல்லி முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். ஃப்ளெமிங்கின் பிரதியில் ஒரு சின்ன இடத்தை இன்னும் நாம் தொடவில்லை. பிளைத்பரோவுக்கு வந்த நாய் எங்கே போய் உட்கார்ந்தது? ஒரு பெரிய உத்திரத்தின் மேல். எந்த உத்திரம்? முன்பு சிலுவை நின்ற உத்திரம். எழுதியவரே அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்.

கத்தோலிக்கக் காலத்து ஆங்கிலக் கிராமக் கோயில் ஒவ்வொன்றிலும் சனங்கள் நிற்கிற கூடத்துக்கும் பீடத்துக்கும் நடுவில், மேலே ஒரு உத்திரம். அதன்மேல் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து, ஒரு பக்கம் மரியாள், இன்னொரு பக்கம் யோவான். ஊர் ஏழை பாழைகள் காசு எழுதிவைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, பரம்பரையாக நிமிர்ந்து பார்த்த உருவம் அது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது பிளைத்பரோவில் இருந்த சின்ன அகஸ்தீன் மடமும் 1537ல் போயிற்று. ஆறாம் எட்வர்ட் காலத்தில் உருவங்கள் இறக்கப்பட்டன. மேரி ராணி வந்ததும் திரும்ப ஏற்றச் சொன்னார்கள். எலிசபெத் வந்ததும் திரும்ப இறக்கச் சொன்னார்கள். 1561ல் சிலுவை மாடங்களை இடிப்பது பற்றி அரசாணையே வந்தது. ஒரு ஆயுளுக்குள் மூன்று தடவை ஏற்று, இறக்கு. ஒவ்வொரு தடவையும் தச்சன் கூலி கோயில் கணக்கில்தான். சட்டம் போட்டவன் ஒருவன், ஏணி பிடித்தவன் ஊர்க்காரன்.

1577ல் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்த நாற்பது வயதுக்காரர் குழந்தையாக அந்தச் சிலுவையைப் பார்த்திருப்பார். பதினைந்து வயதுப் பையன் காலி உத்திரத்தை மட்டுமே பார்த்திருப்பான். அன்று செத்தவர்கள் இந்த இரண்டு வயதுக்காரர்கள். காலியான அந்த இடம் வெறும் மரமாக இருக்கவில்லை, தழும்பாக இருந்தது. நாய் அங்கேதான் ஏறி உட்காருகிறது.

இந்தப் படிமம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சீர்திருத்தக்காரன் வாசித்தால்: பார், விக்கிரகம் இருந்த இடத்தில் பிசாசு உட்காருகிறது, அது எப்போதுமே பிசாசின் இடம்தான். பழைய விசுவாசி வாசித்தால்: பார், கிறிஸ்துவை இறக்கினீர்கள், காலி இடத்துக்குப் பிசாசு வந்துவிட்டது. ஃப்ளெமிங் முதல் கட்சி. ஆனால் அவருடைய வாக்கியம் இரண்டாம் கட்சிக்கும் வேலை செய்கிறது. அதிகாரத்தின் பிரதி தனக்குத் தெரியாமலேயே எதிராளியின் வாயையும் திறந்துவிடுகிற இடம் இது.

காலத்தையும் பாருங்கள். 1570ல் போப் எலிசபெத்தைச் சபையிலிருந்து விலக்குகிறார். இன்னொரு பக்கம் தீவிரச் சீர்திருத்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். 1577 கோடையில், புயலுக்குக் கொஞ்சம் முன்னால், பிரசங்கக் கூட்டங்களை ஒடுக்க மறுத்ததற்காக காண்டர்பரி பேராயர் கிரிண்டலையே ராணி பணியிலிருந்து நிறுத்திவைக்கிறார். மேலிடத்திலேயே யார் சரி என்று தெரியாத நேரம். டேவிட் வால்ட்ரனும் கிறிஸ்டோபர் ரீவும் 2010ல் பங்கே நாயைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தச் சமயச் சண்டைக்குள் கதையை வைத்துத்தான் பேசுகிறது. ஜெப நேரத்தில், கோயிலுக்குள்ளேயே கடவுள் ஏன் அடித்தார்? இந்தக் கேள்வியைத் திறந்தபடி விட்டால் ஆபத்து. அதற்குப் பதிலாக ஒரு மிருகம் வேண்டும். 'எல்லாரும் மனந்திரும்புங்கள்' என்று பொதுவாகச் சொல்லி முடிக்க நாய் வசதியான உபகரணம்.

3

ஃப்ளெமிங்கின் பிரதியில் 'ஷக்' என்ற பெயரே இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஷக் என்பது பேய் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கிழக்கு ஆங்கிலியாவின் இடுகாட்டு ஓரங்களில், இருட்டுச் சந்துகளில் நெருப்புக் கண்ணோடு நடமாடும் சடை நாய்க்கு வட்டாரத்தில் அந்தப் பெயர் இருந்தது. அது அச்சேறியது 1850ல், ஒரு பாதிரியார் லண்டன் பத்திரிகைக்கு அனுப்பிய குறிப்பில். 1901ல் டபிள்யூ. ஏ. டட் எழுதிய பயணப் புத்தகத்தில் ஷக் விரிவாக வருகிறது. அப்போது ரயில் வந்தாயிற்று. நகரத்துக்காரன் கிராமத்துக்கு 'பழமை' பார்க்க வந்துகொண்டிருந்தான்.

இங்கேதான் இரண்டு நாய்கள் ஒன்றாகின்றன. இடுகாட்டுப் பாதையில் நடந்த பெயருள்ள நாய் ஒன்று. 1577 பிரசுரத்தில் பாய்ந்த பெயரில்லாத நாய் ஒன்று. பழம்பொருள் ஆர்வலர்களும் வழிகாட்டி நூல்களும் இரண்டையும் ஒட்டவைத்து, 'நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து மக்கள் சொல்லிவரும் கறுப்பு ஷக்' என்ற ஒரே ஜீவனை உருவாக்கினார்கள். 1933ல் பங்கே சந்தைத் திடலில் மின்னல்மேல் பாயும் கறுப்பு நாய் உருவத்தோடு காற்றுத்திசைகாட்டி வைத்தார்கள். பின்னர் ஊர்ச் சின்னத்திலேயே நாய் ஏறியது. கால்பந்தாட்ட அணிக்கும் அதுவே பெயர். 2014ல் லெய்ஸ்டன் மடத்து இடிபாட்டில் ஒரு பெரிய நாயின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி வந்ததும், பூதநாய் அகப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் குதித்தன. தோண்டியவர்களுக்கு அது யாரோ அன்பாகப் புதைத்த ஒரு நாய்.

எனவே 'வாய்மொழி மரபு' என்று நாம் பயபக்தியோடு சொல்கிற வஸ்துவில் எத்தனை வாய், எத்தனை அச்சு இயந்திரம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அச்சிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து பாதிரியார் குறிப்புக்கு, குறிப்பிலிருந்து சுற்றுலாவுக்கு, சுற்றுலாவிலிருந்து திரும்ப உள்ளூர் வாய்க்கு. 'மேலே', 'கீழே' என்று சுலபமாகப் பிரித்துவிட முடிகிற காரியமில்லை. கீழே இருந்து வந்ததெல்லாம் எதிர்ப்பு என்று நம்புவது நமக்குச் சௌகரியம். ஆதாரம் அப்படிச் சௌகரியமாக இல்லை.

கூரைத் தேவதூதர்களின் கதையும் இப்படித்தான். அவற்றில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. உள்நாட்டு யுத்தக் காலத்தில் விக்கிரக உடைப்புக்கென்றே பணியமர்த்தப்பட்ட வில்லியம் டவுசிங்கின் ஆட்கள் சுட்டார்கள் என்று வெகுகாலம் சொன்னார்கள். டவுசிங் 1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கு வந்தது உண்மை, தேவதூதர்களை இறக்கச் சொல்லி உத்தரவிட்டதை அவரே நாட்குறிப்பில் எழுதியதும் உண்மை. ஆனால் குண்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரையில் அடைந்த காக்கை இனப் பறவைகளைச் சுடக் கோயில் நிர்வாகம் கொடுத்த கூலிதான் அந்தத் துளைகள். மதவெறி என்று நாம் வாசித்தது பறவை விரட்டல். ஆனால் உத்தரவு போட்டும் தேவதூதர்கள் ஏன் இறங்கவில்லை? கூரை உயரம் காரணமாக இருக்கலாம், மனசு இல்லாததும் காரணமாக இருக்கலாம். இந்த 'செய்யாமல் விட்டது'தான் ஊர்க்காரர்களின் எழுத்து. அதற்கு எந்தப் பிரசுரமும் கிடையாது.

4

கதவுக்கு வருவோம். கருகிய தடங்கள் நாயின் நகமல்ல, சரி. மின்னல் தீயா? இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் கொட்டகைகளிலும் கதவு, உத்திரம், அடுப்படி மரங்களில் இதே மாதிரிக் கண்ணீர்த்துளி வடிவத் தீத்தடங்கள் ஏராளமாக உண்டு. மெழுகுத்திரி தவறிப் பட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஜான் டீன், நிக் ஹில் என்ற ஆய்வாளர்கள் பரிசோதித்துப் பார்த்து 2014ல் எழுதினார்கள்: திரியைச் சாய்த்துப் பிடித்து, பல நிமிஷம் அசையாமல் வைத்திருந்தால்தான் அந்த வடிவம் ஆழமாக விழும். அதாவது பலவற்றை யாரோ வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள். தீயை அண்டாமலிருக்க, இடி இறங்காமலிருக்க, கெட்டது வாசல் தாண்டாமலிருக்க இட்ட காப்பு என்பது ஒரு விளக்கம்.

பிளைத்பரோ கதவுக்கும் இந்த வாசிப்பு பொருந்துமானால் விளைவைப் பாருங்கள். பூதம் வந்துபோன தடயம் என்று காட்டப்படுவது, பூதம் வராமலிருக்க ஒரு மனிதன் பொறுமையாக நின்று இட்ட குறி. பயந்தவனின் கைவேலை, பயமுறுத்தியதன் கையெழுத்தாக மாற்றி வாசிக்கப்படுகிறது. உழைத்தவன் கை மறைந்து, அந்த இடத்தில் நகம் முளைக்கிறது. மர்மம் என்று நாம் ரசிக்கிற பலவற்றின் இயங்குமுறையே இதுதான்.

பயப்பட நியாயமும் இருந்தது. சமவெளிச் சதுப்பில் அதுதான் உயரமான கட்டடம். உள்ளே இரும்புக் கம்பி, கடிகாரம், மணிகள், நனைந்த கல். ஞாயிற்றுக்கிழமை ஊரே அதன் அடியில். இடிதாங்கி என்ற சாதனம் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் கைவழி வந்தது 1750களில்தான். 1638 அக்டோபர் 21ல், டெவன் மாவட்டத்து வைட்கம் ஊரில், இதே மாதிரி ஞாயிறு ஆராதனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். அங்கே நாய் வரவில்லை. கறுப்புக் குதிரையில் பிசாசு வந்து, தனக்கு ஆத்மாவை விற்ற சூதாடி ஒருவனைத் தூக்கிப்போனதாகக் கதை. நிகழ்வு அதே நிகழ்வு. எந்த மிருகம், யார்மேல் பழி என்பது மட்டும் அந்தந்த ஊர், அந்தந்தக் காலத்துச் சண்டையைப் பொறுத்தது.

5

பிளைத்பரோவுக்கு இன்னொரு கறுப்பு ஆவியும் உண்டு. இதைச் சேர்த்து வாசிக்காவிட்டால் நாய்க்கதையை மட்டும் ரசித்துவிட்டு எழுந்துபோன மாதிரி ஆகும்.

1750. சர் ராபர்ட் ரிச்சின் குதிரைப்படை இந்தப் பக்கம் முகாமிட்டிருந்தது. அதில் டோபியாஸ் கில் ஒரு முரசறைவோன். கறுப்பினத்தவர். அக்காலப் பிரிட்டிஷ் குதிரைப்படைகள் கறுப்பின மனிதர்களுக்குப் பகட்டு உடை மாட்டி முரசு கொடுத்து அணிவகுப்பில் நிறுத்துவது வழக்கம். அடிமை வியாபாரம் கொழித்த காலத்தின் அலங்காரம். வால்பர்ஸ்விக் ஊரைச் சேர்ந்த ஆன் பிளேக்மோர் என்கிற பெண் புதர்க்காட்டில் இறந்து கிடந்தாள். கில் பக்கத்திலேயே குடித்து மயங்கிக் கிடந்தார். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நீதிமன்றத்தில் விசாரணை, பிளைத்பரோவில் தூக்கு, உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அவர் உண்மையில் குற்றவாளிதானா என்று பின்னாளில் எழுதியவர்கள் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள்.

ஊர் அவரைக் 'கறுப்பு டோபி' என்று ஆவியாக்கியது. தலையில்லாக் குதிரைகள் பூட்டிய வண்டியை ராத்திரியில் ஓட்டுவதாகச் சொல்வார்கள். அந்தப் புதர்க்காட்டுக்கே 'டோபியின் நடை' என்று பெயர். பகலில் அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம்.

ஒரே ஊரில் இரண்டு கறுப்பு உருவங்கள். ஒன்றை இன்னொன்றின் நகல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வடிவம் ஒன்றுதான். சட்டமும் கயிறும் செய்த ஒரு கொலை, புதைக்காமல் தொங்கிய ஒரு உடல், குழந்தைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டியாக மாறுகிறது. தூக்கில் போட்டவர்கள் கதையில் இல்லை. செத்துக் கிடந்த ஆன் பிளேக்மோரும் இல்லை. அவளுக்கு ஆவி கூடக் கிடையாது. கறுப்பு என்பது இங்கே நிறமாக மட்டும் நிற்கவில்லை. பயத்தை யார்மேல் ஏற்றலாம் என்பதற்கான அனுமதியாகவும் வேலை செய்கிறது.

6

பூதக்கதைகளை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது என் கட்சியல்ல. ஊர் தன் காயத்தைப் பேச வேறு மொழி இல்லாதபோது பூதத்தின் வாயால் பேசுகிறது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஃப்ளெமிங்கின் நாய் இல்லாவிட்டால், அந்தக் காலி உத்திரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதற்கு இந்தச் சின்னத் துப்புகூட நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் கதையை மீட்பது என்றால் பூதத்தைக் கொண்டாடுவது என்று அர்த்தமில்லை. பூதம் உட்கார்ந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, அதை யார் உத்தரவில் யார் இறக்கினார்கள், கூலி யார் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்பதுதான் மீட்பு. பூதம் வந்த பிறகு யார் பெயர் காணாமல் போயிற்று என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

நாய்க்குப் பெயர் இருக்கிறது, சின்னம் இருக்கிறது, காற்றில் சுழலும் உருவம் இருக்கிறது. பங்கேயில் செத்த இருவரின் பெயர் பதிவேட்டில் இருப்பதால் தெரியும்: ஜான் ஃபுல்லர், ஆடம் வாக்கர். முதுகு சுருங்கி உயிர்பிழைத்தவனுக்கு ஃப்ளெமிங் ஒரு சுருக்குப் பை உவமையைக் கொடுத்தார், பெயரைக் கொடுக்கவில்லை. அந்த முதுகோடு அவன் எத்தனை வருஷம் கூலி வேலை பார்த்தான்? பிளைத்பரோவில் செத்த பதினைந்து வயதுப் பையனுக்கு இரண்டு பிரதியிலும் பெயரில்லை. வரலாறு எழுதுகிறவனுக்கு வேலை நாய் போன வழியில் இல்லை, அந்தப் பையன் கிடந்த தரையில்தான் இருக்கிறது.